இருபத்தோராம் நாள் காலை பத்து மணி

உங்க செல்போன் இல்ல சார், சட்டைப் பையத் தடவாதீங்க. சத்தம் இந்தப் பெட்டிக்குள்ள இருந்து வருது. கோழிக்குஞ்சு. மொத்தம் பதினாறு. பிறந்து இன்னைக்கு ஏழாம் நாள். கண்ணுல சொட்டு மருந்து விடணும், அதுக்குத்தான் கொண்டு போறேன். வேற ஒரு காரணமும் கிடையாது. மருந்து விடணும், விட்டுட்டு வரணும், அவ்வளவுதான்.

உக்காருங்க, தாராளமா உக்காருங்க. நீங்க தென்காசியா? நான் சங்கரன்கோவில்ல இறங்கிருவேன். இந்த வண்டி ஒன்பது நாப்பதுக்கு எடுக்க வேண்டியது. எடுத்தது ஒன்பது நாப்பத்தி ஆறு. கழுகுமலையில ரெண்டு நிமிஷத்தப் பிடிச்சிருவாரு. இவர் பிடிப்பாரு, எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பரா இருந்தவன் சார் நான். எந்த டிரைவர் எந்த வளைவுல எத்தனை நிமிஷத்தத் தொலைப்பான்னு கேளுங்க, சொல்றேன்.

ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் சார் கஷ்டம். காலையில எந்திரிச்சா வண்டியே இல்ல. வீட்டுல உக்காந்து என்னத்தப் பாக்குறது? ஒரு நோட்டு வாங்குனேன். பால்காரர் வந்தது ஆறு ரெண்டு. பேப்பர் ஆறு பதினேழு. குக்கர் முதல் விசில் ஏழு நாப்பது. எங்க வீட்டுல, பூரணம்னு பேரு, காய் வாங்கப் போனா போன நேரம், வந்த நேரம். சந்தேகம் எல்லாம் இல்ல சார், சத்தியமா இல்ல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஒண்ணரை வருசம் பொறுத்துப் பாத்தா. அப்புறம் ஒரு நாள் கரண்டியோட வந்து நின்னா. "ஏங்க, இட்லி வேகுறதுக்கு நேரம் குறிக்காதீங்க. எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. வேற ஏதாவது உயிருள்ள சோலியாப் பாருங்க"ன்னுட்டா.

உயிருள்ள சோலி. அந்த வார்த்தைய அவதான் சொன்னா. பின்னால என்னைக் குறை சொன்னவங்க யாரும் அத நினைச்சுப் பாக்கல.

அந்த வாரமே போன்ல ஒரு வீடியோ பாத்தேன். வீட்டுலயே குஞ்சு பொரிக்கிற பெட்டி. விலை கம்மி. கம்மின்னா, "இந்தக் காசுக்குக் கோழிக்கூடு கூட வராதே, இதுல கோழி எப்படி வரும்"னு பூரணம் கேக்குற அளவுக்குக் கம்மி. ஆர்டர் போட்டேன். பார்சல் வந்துச்சு. பிரிச்சா, ஒரு தெர்மாகோல் பெட்டி. மூடியில சின்னதா ஒரு கண்ணாடி. உள்ள ஒரு பல்பு, ஒரு குட்டி ஃபேன். வெளிய சிவப்பு எழுத்துல சூடு காட்டுற மீட்டர். தண்ணி ஊத்த ரெண்டு கிண்ணம். கூட ஒரு தாள். அந்தத் தாள்ல எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு வரிதான். இருபத்தோரு நாள். முட்டை வச்ச இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். பாருங்க சார், மனுசன் ஒருத்தனும் சொன்ன நேரத்துக்கு வர மாட்டேங்குறான். கோழிக்குஞ்சு வருது!

நம்ம ஏற்பாட்டுல குறை சொல்ல முடியாது. இருபத்தி நாலு நாட்டுக்கோழி முட்டை. தினம் மூணு தடவை திருப்பி வைக்கணும், இல்லன்னா உள்ள ஒட்டிக்கிரும். திருப்புனதா திருப்பலையான்னு குழப்பம் வரக் கூடாதுல்ல? ஒவ்வொரு முட்டையிலயும் பென்சில்ல ஒரு பக்கம் 'போக'ன்னு எழுதுனேன், மறு பக்கம் 'வர'ன்னு எழுதுனேன். காலை ஆறு மணிக்கு எல்லா முட்டையும் போகும். மதியம் ரெண்டு மணிக்கு வரும். ராத்திரி சாப்பிட்டதும் திரும்பப் போகும். பூரணம் எட்டிப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. ஆனா சிரிச்சா. அவ சிரிச்சு ரொம்ப நாளாகியிருந்துச்சு, அது வேற விசயம்.

எதிர்வீட்டுல மாரிக்கண்ணுன்னு ஒரு டெய்லர். வாயி நீளம். நல்ல மனுசன்தான், ஆனா வாயி நீளம். அவன் வந்து பெட்டியச் சுத்திப் பாத்துட்டு, "ஏன் அண்ணாச்சி, உலகத்துல எத்தனையோ பொழுதுபோக்கு இருக்க, கரெக்டா இதையே பிடிச்சீங்களே"ன்னான். எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. அவன் எத நினைச்சுச் சொல்றான்னு எனக்குத் தெரியும். அது தற்செயல் சார். முழுக்க முழுக்கத் தற்செயல். அதப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு வரச் சொல்லித் தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். முட்டை வச்சது காலை பத்து மணி, அப்ப வர்றதும் பத்து மணிதானே? பதினோரு பேர் வந்தாங்க. பூரணம் டீ போட்டுக் குடுத்தா. பெட்டியச் சுத்தி நிக்கிறோம். பத்தாச்சு. பத்து அஞ்சு. பத்து இருபது. முட்டை முட்டையாவே இருக்கு. மாரிக்கண்ணு டீயை உறிஞ்சிக்கிட்டே கேக்கான்: "அண்ணாச்சி, வண்டி இப்ப எங்கன வந்துக்கிட்டு இருக்கு? பைபாஸ்லயா?"

எல்லாரும் சிரிச்சாங்க சார். என் வீட்டு டீயைக் குடிச்சுக்கிட்டே.

நான் விடல. இருபத்திரெண்டு, இருபத்தி மூணு, காத்திருந்தேன். இருபத்தி நாலாம் நாள் மத்தியானம், நான் சோத்துல கைய வைக்கிறேன், பெட்டிக்குள்ள 'டமார்'னு ஒரு சத்தம். ஒரு முட்டை வெடிச்சிருச்சு. அந்த நாத்தத்த என்னால வாயால சொல்ல முடியாது சார், நீங்க இறங்கிப் போயிருவீங்க. எதிர்வீட்டுல இருந்து மாரிக்கண்ணு டேப்பைக் கழுத்துல போட்டபடியே ஓடியாறான். "என்ன அண்ணாச்சி, டயர் வெடிச்சிருச்சா?"

ரெண்டு நாள் நான் வெளிய போகல.

பூரணம் மூக்குல முந்தானையக் கட்டிக்கிட்டு ஹாலைக் கழுவிவிட்டா. கழுவிக்கிட்டே, என்னைப் பாக்காம, "தெரிஞ்சவங்க யார்ட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்"னா.

"தெரிஞ்சவங்கன்னா யாரு?"ன்னேன்.

வாளியத் தூக்கிட்டுப் போயிட்டா.

யாருன்னு எனக்குத் தெரியும் சார். உங்கள்ட்ட சொல்றதுக்கு என்ன. நீங்க தென்காசி, நான் கோவில்பட்டி. எங்களுக்கு ஒரே பிள்ளை. அனுசுயா. நல்லாப் படிச்சா. படிச்ச இடத்துல ஜெபசிங்னு ஒரு பையனோட பழகி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிச்சுக்கிட்டா. ரெண்டே முக்கால் வருசம் ஆகுது. அந்தப் பையனுக்கு வேலை எங்கன்னு நினைக்கீங்க? சங்கரன்கோவில் பக்கம் ஒரு குஞ்சு பொரிக்கிற கம்பெனியில சூப்பர்வைசர். ஒரே நேரத்துல இருபதாயிரம் முட்டை வைக்கிற மிஷின் எல்லாம் இருக்காம். மாரிக்கண்ணு சொன்னது அதத்தான். நான்தான் சொல்லிட்டேனே, தற்செயல்.

சாதி, மதம் எல்லாம் நான் பாக்குறவன் இல்ல சார். பாத்தது எங்க அண்ணந்தம்பிமாரு. என் கோவம் வேற. கல்யாணம் காலையில பதினோரு மணிக்கு நடந்துருக்கு. எனக்குப் போன் வந்தது சாயங்காலம் நாலரைக்கு. அஞ்சரை மணி நேரம் லேட்! ஒரு டைம் கீப்பருக்கு! முன்கூட்டியே சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு கேக்கீங்களா? என்ன செஞ்சிருப்பேன், ரூம்ல போட்டுப் பூட்டியிருப்பேன். அது வேற. ஆனா சொல்லியிருக்கணும்ல?

அன்னைக்கே பூரணத்துட்ட சொல்லிட்டேன்: "இனிமே இந்த வீட்டுல அவ பேச்ச எடுக்கக் கூடாது." அவ சரின்னுட்டா. எடுக்கவும் இல்ல. அந்த விசயத்துல அவளக் குறை சொல்ல முடியாது.

சரி, முட்டைக்கு வர்றேன்.

ரெண்டாம் தடவை இருபத்தி நாலு முட்டை வச்சேன். இந்தத் தடவை ஒரு அதிசயம் சார். பூரணத்துக்குத் திடீர்னு அறிவு வந்துருச்சு. முத நாளே வந்து, "ஏங்க, அந்த மீட்டரை நம்பாதீங்க. கடையில தனியா ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அதையும் உள்ள வச்சுப் பாருங்க"ன்னா. வச்சா, மீட்டர் சரியாக் காட்டுது, தெர்மாமீட்டர் நூத்தி நாலு காட்டுது! முத தடவை இருபத்தி நாலு முட்டையும் காய்ச்சல்லயே போயிருக்கு. சரின்னு சூட்டைக் குறைச்சு, குறைச்சு, நூறுக்குக் கீழ கொண்டாந்தேன். அதுக்குள்ள ரெண்டு நாள் சூடு கொஞ்சம் கூடக் குறைய ஆகிருச்சு.

ஏழாம் நாள் வந்து, "டார்ச் லைட்ட முட்டை அடியில பிடிச்சுப் பாருங்க. சிலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடுச்சுன்னா உயிர் இருக்கு, இல்லன்னா எடுத்துருங்க"ன்னா. பாத்தேன். முதல் முட்டையில ஒண்ணும் இல்ல. ரெண்டாவது முட்டையில... சார், உள்ள ஒரு புள்ளி. அதச் சுத்திச் சிவப்புச் சிவப்பா நூல். புள்ளி அசையுது. நான் பூரணத்தக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் கதவைச் சாத்தி, இருட்டுல தலையோட தலை முட்டிக்கிட்டு ஒரு முட்டையைப் பாத்துக்கிட்டு நிக்கோம். ரொம்ப நேரம் நின்னோம். எத்தனை நிமிஷம்னு நான் குறிக்கல.

அஞ்சு முட்டைய எடுத்துட்டோம். மீதி பத்தொன்பது.

பதினெட்டாம் நாள், "இனிமே திருப்பாதீங்க. ரெண்டு கிண்ணத்துலயும் தண்ணி வைங்க. மூடியத் திறக்கவே திறக்காதீங்க"ன்னா. "உனக்கு எப்படித் தெரியும்"னு கேட்டேன். "வாட்ஸப்ல வந்துச்சு"ன்னா. பூரணத்துக்கு வாட்ஸப்ல பூ போட்ட 'காலை வணக்கம்'தான் சார் வரும். ஆனா நான் ரொம்பத் துருவல. எந்தப் பக்கம் இருந்து வந்தா என்ன, சரியான தகவல்தானே?

இன்னொண்ணும் சொல்லணும். எங்க வீட்டுக்கு ஒரு வருசத்துக்கு மேலா கேஸ் கம்பெனியில இருந்து தினமும் போன் வரும். பூரணம் போன்ல 'கேஸ் புக்கிங்'னு பேரு விழும். காலையில பதினொன்னு பத்து. கரெக்டா வரும், ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்காது. பூரணம் போனை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிருவா, கீழ சிக்னல் இல்லம்பா. முதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் ஒரு மரியாதையே வந்துருச்சு. ஒரு கம்பெனி வாடிக்கைக்காரர்ட்ட இவ்வளவு நேரம் தவறாம பேசுதே, இப்படி எத்தனை கம்பெனி இருக்குன்னு மாரிக்கண்ணுகிட்டயே சொல்லியிருக்கேன். அவன் ஒரு மாதிரியாப் பாத்தான். அவனுக்கும் தெரியும் போல. தெருவுக்கே தெரியும் போல.

மறுபடியும் இருபத்தோராம் நாள். இந்தத் தடவை யாரையும் கூப்பிடல. பத்து மணி, ஒண்ணும் இல்ல. சாயங்காலம், ஒண்ணும் இல்ல. எனக்கு ஆத்திரம். இருபத்திரெண்டாம் நாள் காலையில ஒரு முட்டைய உடைச்சே பாத்துர்றதுன்னு மூடியில கைய வச்சுட்டேன். பூரணம் என் கையப் பிடிச்சுட்டா. "அது வர்றப்ப வரும். நீங்க போய் இழுத்துட்டு வர முடியாது"ன்னா. கொஞ்சம் சத்தமாவே சொன்னா. அப்புறம் ஒரு வீட்டுப் பால் காய்ப்புக்குப் போகணும்னு கிளம்பிப் போயிட்டா. அங்க கூட்டத்துல தொலைஞ்சிரும்னு போனை ஃபிரிட்ஜு மேல வச்சுட்டுப் போனா.

அவ போயி அரை மணி நேரம் இருக்கும். கண்ணாடி வழியா பாக்கேன், ஒரு முட்டையில சின்னதா ஒரு விரிசல். நட்சத்திரம் மாதிரி. காதை வச்சுக் கேட்டா, உள்ள இருந்து 'கீச்'னு ஒரு சத்தம். ஓடு உடையல, ஆள் வெளிய வரல, அதுக்குள்ள சத்தம்!

அந்த நேரம் பாத்துக் கரண்ட் போச்சு.

காத்துக்கு எங்கயோ மரம் சாஞ்சு லைன் மேல விழுந்துருச்சாம், அப்புறம் சொன்னாங்க. எனக்கு அப்ப என்ன தெரியும்? பல்பு அணைஞ்சிருச்சு, ஃபேன் நின்னுருச்சு, சிவப்பு எழுத்தும் போயிருச்சு. தெர்மாமீட்டரைக் கண்ணாடி வழியா பாக்கேன், இறங்குது. உள்ள அது கத்துது. நான் வேட்டியை மடிச்சுக் கட்டுறேன், அவுக்கிறேன், மடிச்சுக் கட்டுறேன். அதத் தவிர என்ன செய்யன்னு தெரியல.

ஃபிரிட்ஜு மேல போன் அடிச்சுச்சு. பாத்தா, 'கேஸ் புக்கிங்'. மணி பதினொன்னு பத்து.

இருக்கிற கடுப்புல எடுத்தேன். "யோவ், தினமும் என்னய்யா உங்களுக்கு"ன்னு ஆரம்பிக்க வாயத் திறக்கேன். அதுக்குள்ள அந்தப் பக்கம், "அம்மா, குஞ்சு வந்துருச்சா?"

அனுசுயா.

ரெண்டே முக்கால் வருசம் சார். ஏதாவது ஒரு நாள் பேச வேண்டி வந்தா என்ன பேசணும்னு நான் எவ்வளவோ யோசிச்சு வச்சிருந்தேன். நல்ல நல்ல வார்த்தையா வச்சிருந்தேன், நாக்கப் பிடுங்குற மாதிரி. ஒண்ணும் வரல. என் வாயில வந்தது, "கரண்ட் போயிருச்சு."

அந்தப் பக்கம், "அப்பா?"

"கரண்ட் போயிருச்சும்மா. ஒண்ணு ஓட்டைக் கீறிருச்சு. உள்ள கத்துது. சூடு இறங்குது"ன்னேன். என் குரலு எனக்கே வேற யாரு குரலு மாதிரி இருந்துச்சு.

"பதறாதீங்கப்பா, இருங்க. அவங்க இன்னைக்கு லீவு, இங்கதான் இருக்காங்க. குடுக்கேன்"னா. அப்பதான் சார், பின்னால ஒரு பிள்ளை அழுவுற சத்தம்.

"யாரு பிள்ளை அது?"ன்னேன்.

"என் பிள்ளைதாம்ப்பா."

நான் மணியப் பாத்தேன். பழக்கம். பதினொன்னு பன்னெண்டு. வேற எதையும் பாக்கத் தோணல.

அதுக்குள்ள அந்தப் பையன் லைனுக்கு வந்துட்டான். இவன் மட்டும் அப்ப 'எப்படி இருக்கீங்க', 'மன்னிச்சிருங்க'ன்னு ஏதாவது ஆரம்பிச்சிருந்தான்னா நான் வச்சிருப்பேன் சார், சத்தியமா வச்சிருப்பேன். ஆனா அவன், "மாமா, தெர்மாமீட்டர் இப்ப என்ன காட்டுது?"ன்னான். தேவையில்லாம ஒரு வார்த்தை இல்ல. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

"தொண்ணூத்தி ஆறு."

"போதும், பயப்படாதீங்க. அடுப்புல வெந்நி வைங்க. கை பொறுக்குற சூடு. ரெண்டு பாட்டில்ல ஊத்தி, துண்டைச் சுத்துங்க. ஒரே ஒரு தடவை மூடியத் திறந்து, முட்டை மேல படாம ஓரத்துல வச்சிட்டு, பதினஞ்சு செகண்டுக்குள்ள மூடிருங்க. பெட்டி மேல கம்பளியப் போர்த்துங்க. காத்து ஓட்டைய மட்டும் மூடிராதீங்க."

நான் பதினோரு செகண்டுல முடிச்சேன். அவன்ட்ட சொன்னேன். "சூப்பர் மாமா"ன்னான்.

கம்பளிய பெட்டி மேல போட்டு, அதுவும் பத்தாதுன்னு நானும் உக்காந்து பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். போன் காதுல. அவன் அரை மணிக்கு ஒரு தடவை சூடு கேக்கான், நான் சொல்லுதேன். ஆறிப்போனா பாட்டிலை மாத்தச் சொல்லுதான். நடுவுலயும் யாரும் போனை வைக்கல. ஒரு தடவை அனுசுயா வாங்கி, "சாப்டீங்களாப்பா?"ன்னா. "இல்ல"ன்னேன். "பிள்ளை பேரு என்ன?"ன்னேன். "ரெண்டு பேரு இருக்குப்பா. சர்டிபிகேட்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு"ன்னா. "வீட்டுல வச்சத சொல்லு"ன்னேன். "பொம்மி"ன்னா. பெட்டிக்குள்ள ரெண்டாவது ஒண்ணும் சேந்து கத்த ஆரம்பிச்சிருந்துச்சு. நான் போனை காத்து ஓட்டைக்கிட்ட வச்சேன். அந்தப் பக்கம் அழுதுக்கிட்டு இருந்த பிள்ளை டக்குனு நிறுத்திட்டு, "கீ"ன்னுச்சு. இது இங்க "கீச்"சுங்குது. அது அங்க "கீ"ங்குது. நான் கம்பளிய இழுத்துத் தலையோட போத்திக்கிட்டேன். சூடு போகக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.

ரெண்டு அஞ்சுக்குக் கரண்ட் வந்துச்சு. போன்ல மொத்தம் ரெண்டு மணி அம்பத்தஞ்சு நிமிஷம். ஒரு தடவை கூட லைன் கட் ஆகல.

சரியா அப்பத்தான் பூரணம் உள்ள வர்றா. நான் கம்பளிக்குள்ள இருந்து தலைய வெளிய நீட்டுறேன். என் கையில அவ போன்.

"யாரு போன்ல?"ன்னா.

"கேஸ் கம்பெனி"ன்னேன்.

"என்ன சொன்னாங்க?"

"சிலிண்டர் அழுவுது. பொம்மின்னு பேரு வச்சிருக்காங்களாம்."

சிரிப்பாளான்னு பாத்தேன். சிரிக்கல. பையக் கீழ வச்சா. எனக்கு அப்பத்தான் கோவம் வந்துச்சு சார். "எத்தனை மாசம் ஆச்சு?"ன்னேன். "பதினாலு"ன்னா. "பதினாலு மாசமா என்ட்ட மறைச்சிருக்க!"ன்னு கத்துனேன்.

அவ கத்தல. "நீங்கதான அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னீங்க. நான் எடுக்கல"ன்னா. அப்புறம் பக்கத்துல வந்து உக்காந்தா. "வாரா வாரம் வியாழக்கிழமை கிளம்பிப் போறேனே. பிரசவத்தப்ப பன்னெண்டு நாள் வீட்டுலயே இல்லையே. கிளம்புன நேரத்த எழுதுனீங்க, வந்த நேரத்த எழுதுனீங்க. ஒரு நாளாவது எங்க போயிட்டு வர்றன்னு கேட்டீங்களா? நீங்க கேட்டா சொல்லிரணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வாசப்படி ஏறுவேன்."

டைம் கீப்பர் வேலையில, வண்டி எங்க போகுதுன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. அது போர்டுலயே போட்டிருக்கும். அப்படித்தான் அவள்ட்டயும் சொன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே... அத விடுங்க.

முதல் குஞ்சு அன்னைக்கு சாயங்காலம் வந்துச்சு. ஈரமா, தலை நிக்காம, பாக்க சகிக்கல. ரெண்டு மணி நேரத்துல காஞ்சு பஞ்சு உருண்டையாகிருச்சு. மறுநாள் மதியத்துக்குள்ள பதினாறு. மூணு வரல. மாரிக்கண்ணைக் கூப்பிட்டுக் காட்டுனேன். குனிஞ்சு பாத்தான். "அண்ணாச்சி, எல்லாம் வந்து சேந்துருச்சே"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அவனுக்கும் மனசு இருக்கு.

அந்தப் பையன்தான் சொன்னது, ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து விடணும்னு. மருந்த அவனே கோவில்பட்டிக்குக் கொண்டாந்து விடுறேன்னான். நான் வேண்டாம்னுட்டேன். எதுக்கு அவனுக்கு ஒரு நாள் லீவு வீணாகணும்? குஞ்சு என் குஞ்சு, நான்தான் கொண்டு போகணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? சமாதானத்துக்குப் போறேன்னு நினைச்சிராதீங்க. பூரணம் முந்தாநாளே போயிட்டா. என்ட்ட கேக்கல. "போறேன், நீங்க ஏழாம் நாள் வாங்க"ன்னுட்டுப் போயிட்டா. எங்க போறான்னு நானும் கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு. "மகள் வீட்டுக்கு"ன்னா. அத என் முகத்துக்கு நேரா சொல்லணும்னு எத்தனை நாள் ஆசையோ, வாசல்ல நின்னு ரெண்டு தடவை சொன்னா.

இந்தச் சட்டை புதுசா இருக்கேன்னு பாக்கீங்களா? இருந்துச்சு, போட்டேன். அந்தப் பையில பால்கோவா. வெறுங்கையா ஒரு வீட்டுக்குப் போக முடியுமா? கொலுசு ஒண்ணும் இருக்கு. சின்னது. அளவு தெரியாம வாங்கிட்டேன். பெருசா இருந்தா கொஞ்ச நாள் கழிச்சுப் போட்டுக்கிரட்டும், பிள்ளை வளரும்ல.

இந்தா, ஊருக்குள்ள வந்துருச்சு. மணி என்ன, பதினொன்னு ரெண்டா? நான் சொன்னேன்ல, பிடிச்சிருவாரு.

சார், கொஞ்சம் அந்தப் பக்கம் குனிஞ்சு பாருங்க. கடை ஓரமா, நீலச் சட்டை, ஒல்லியா ஒரு ஆள். இடுப்புல பிள்ளை. கண்ணாடி போட்டிருக்கானா? அப்ப அவன்தான், பூரணம் சொன்ன அடையாளம். நான் அவன நேர்ல பாத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் முதுகு. பிள்ளை இந்தப் பக்கம்தான் பாக்குதோ? எந்த பஸ்ஸு வந்தாலும் கையக் காட்டுது பாருங்க, மூதி. யாரு என்னன்னு தெரியாம.

ஒரு உதவி சார். வண்டி இங்க ஏழு நிமிஷம் நிக்கும். கண்டக்டர் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்லுவாரு, ஏழு நிக்கும். நீங்க பயப்படாம இந்தப் பெட்டிய படி வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்து எங்க மாப்பிள்ளை கையில குடுத்துருங்க. குலுக்காம, நேராப் பிடிங்க. பிள்ளைய வாங்க எனக்கு ரெண்டு கையும் வேணும்.